ஏறுநீரில் தள்ளிய தூள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதித்தான் பழக்கம், இந்த முறை அதற்குக் கை வரவில்லை. உன் தங்கை மகளின் ரத்தத்தில் ஈயம் இருப்பது உறுதியாகிவிட்டது. மூன்றரை வயதாகியும் நம் வாண்டு நாலைந்து வார்த்தைக்கு மேல் பேசாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாமாம். இனிமே சேத்துப் பக்கமே விடாதீங்க, போகப் போகப் பாப்போம் என்றார் டாக்டரம்மா. அந்தப் பாப்போம்தான் என்னைக் கொல்கிறது.

போன விடுமுறையில் கழிமுகத்தில் நீ ஆராய்ச்சிக்கு என்று டப்பா டப்பாவாக அள்ளிப்போன சேற்றின் அறிக்கை வந்து சேர்ந்தது. இத்தனை ஈயமும் செம்பும் ஆற்றுக்கு மேலே இருக்கிற பேட்டரி ஆலையிலிருந்துதான் வந்திருக்கும், உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றுகிறதா அப்பா என்று கேட்டிருந்தாய். நானும் ஆலைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத்தான் உன் வரைபடத்தைப் பார்த்தேன். ஆலைப் பக்கம் குறைவு, எங்கள் படகுப் பட்டறைக்கு நேர் கீழேதான் உச்சம். முப்பது வருடம் படகுகளின் அடியில் ஈயமும் செம்பும் கலந்த பழைய பெயின்டைச் சுரண்டினேனே, அந்தத் தூளைத் தண்ணீர் வற்றியிருக்கும்போதே ஓரத்துக்குக் கூட்டித் தள்ளிவிடுவேன், ஏறுநீர் வந்து அள்ளி, வடியும்போது கடலுக்குக் கொண்டுபோய்விடும் என்று நினைப்பு. உன் தளத்துல தட்டு இல்லாமலே சாப்பிடலாம்யா என்பார் மேஸ்திரி, எனக்கும் உச்சி குளிர்ந்துபோகும். எங்கேயும் போகவில்லையம்மா, எல்லாம் அங்கேயே படிந்து கிடக்கிறது. வேலையை விட்ட பிறகு சும்மா இருக்க முடியாமல் வாண்டைத் தினமும் அங்கே கூட்டிப்போய்ச் சேற்றில் விட்டவனும் நான்தான். கையை வாயில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளிப்பாள், நான் சிரிப்பேன்.

உன் தங்கைக்கு இது தெரியாது. அந்த ஆலைக்காரன் விளங்குவானா என்று சபித்துக்கொண்டே எனக்குச் சாப்பாடு போடுகிறாள், நானும் வாங்கிச் சாப்பிடுகிறேன். ஆலை யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்பா வேலை பார்த்த இடமாயிற்றே என்று பட்டறையை அறிக்கையில் பூசி மெழுகிவிடாதே, அங்கே இன்றைக்கும் அப்படித்தான் கூட்டித் தள்ளுகிறார்கள். யார் கேட்டாலும் நானே வந்து சொல்கிறேன்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து அவளிடம் சொல்லப்போகிறேன். அவள் உனக்குப் போன் செய்து அழுவாள். பாவம், அவருக்கென்ன தெரியும் என்று எனக்காகப் பரிந்து பேசாதே. அவள் பக்கமே நில்.

சேற்றில் இறங்கும்போது கையுறை போட மறக்காதே. நீ நன்றாயிருக்க வேண்டும். நம் வாண்டு ஒருநாள் உன்னைப் பெரியம்மா என்று வாய் நிறையக் கூப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா