இருபத்தெட்டுத் தோல் துண்டுகள்

மூன்று நாள் மழைக்கு உன் டப்பாவுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. மூடியைத் திறந்ததும் நம் கம்பெனி குடோன் வாடை குப்பென்று அடித்தது. துண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தேன், பாதியில் கை நின்றுவிட்டது. நீ போய் எட்டு மாதமாகிறது. உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஷூக்களைச் சோதிக்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் கேன்டீனில் டாமினோ ஆடினார்கள். நீ டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு நாள் அவர்கள் பின்னால் நின்றாய். மூன்றாம் நாள், கழிவில் கிடந்த சோல் தோலை இருபத்தெட்டுத் துண்டாக வெட்டி, புள்ளிக்குப் பதில் ஓட்டை குத்தி, ஓட்டை பின்பக்கம் தெரியாதபடி அடியில் இன்னொரு தோலை ஒட்டிக் கொண்டுவந்தாய். அந்த ஆம்பூர் கம்பெனியின் தையல் லைனிலேயே டாமினோ ஆடியது நாம் இரண்டு பேர்தான். சூப்பர்வைசர் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

ஆளுக்கு ஏழு துண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு பாதி, பாதிக்குச் சைபரிலிருந்து ஆறு ஓட்டை வரை. ஒரு எண்ணோடு அதே எண்ணைச் சேர்த்து வரிசையை நீட்ட வேண்டும். துண்டை வைத்ததும் வரிசையின் இரண்டு முனைகளையும் கூட்டிப் பார்ப்போம். ஐந்து, பத்து, பதினைந்து, இருபது என்று வந்தால் அத்தனை பாயிண்ட், வேறு எது வந்தாலும் ஒன்றுமில்லை. இரண்டு பாதியிலும் ஒரே எண் இருந்தால் அந்தத் துண்டைக் குறுக்கே வைத்து இரண்டு பாதியையும் எண்ணுவோம். பொருந்துவது இல்லாவிட்டால் மீதியிலிருந்து எடுக்க வேண்டும். முதலில் நூறு தொட்டவர் ஜெயித்தவர். "கைல இருக்கறதயே பாக்காதடி, ரெண்டு மொனய பாரு" என்பாய். நான் கையையே பார்ப்பேன், தோற்பேன்.

சர்க்கரை உன் கண்ணைப் பறித்தது. வேலையை விட்டுப் பேரணாம்பட்டில் வீட்டோடு இருந்தாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் பிடித்து வந்தேன். கண் போனபிறகுதான் நீ என்னை இன்னும் மோசமாகத் தோற்கடித்தாய். உன் துண்டுகளை விரலால் தடவி, நான் வைப்பதைச் சொல்லக் கேட்டு, முழு வரிசையையும் மனதில் வைத்துக்கொள்வாய். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

பிறகு விரலும் மரத்துப்போனது. ஐந்தை நாலென்று வைத்தாய். எப்படிச் சொல்வேன்? நீ சொன்னதையெல்லாம் சரி என்று ஏற்றுக்கொண்டு ஆடினேன். சில வாரம் அப்படியே ஓடியது. ஒரு ஞாயிறு, "நாலு-ரெண்டு" என்று வைத்தவள் சட்டென்று நிறுத்தினாய்.

"இன்னாடி இது? நாலு-ரெண்டு நீ முன்னாடியே வச்சிட்ட. மறுபடி எப்டி வரும்?"

நீ வைத்த ஐந்து-இரண்டை வரிசையிலிருந்து மெல்ல எடுத்தேன்.

"எத்தினி நாளா இப்டி ஏமாத்தற?"

நான் அழுதேன். நீ அழவில்லை. "இனிமே என் துண்டயும் நீயே படிச்சு சொல்லு. ஆனா விட்டுக் குடுத்த, அப்பறம் இந்தப் பக்கம் வராத" என்றாய்.

இரண்டு பேர் கையும் எனக்குத் தெரியும். தெரிந்தபிறகு தெரியாதவள் மாதிரி எப்படி ஆடுவது? அடுத்த ஞாயிறு நீ நிஜமாகவே ஜெயித்தாய். நீதான் நம்பவில்லை. என் பிள்ளைமேல் சத்தியம் செய்தேன். "போடி, எனக்குப் பிச்ச போடாத" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

அதற்கடுத்த ஞாயிறுதான் கடைசி ஆட்டம். உனக்குப் பத்து வேண்டும், எனக்கு ஐந்து. ஒரு முனையில் ஐந்து, மறுமுனையில் ஆறு. உன்னிடம் பொருந்துவது இல்லாததால் மீதியிலிருந்து ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாய். ஆறு-ஐந்து. அதை ஆறோடு சேர்த்தால் இரண்டு முனையும் ஐந்தாகிவிடும். பத்து பாயிண்ட். நீ ஜெயித்துவிட்டாய். ஆனால் நம்பமாட்டாய். எவ்வளவு சத்தியம் செய்தாலும் நம்பமாட்டாய்.

"ஆறு-நாலு" என்றேன். நிஜமான ஆறு-நாலு என் கையில் இருந்தது. உனக்குத் தெரிய வழியே இல்லை.

"ஆறுல சேத்து வை. அஞ்சும் நாலும் ஒம்போது. தூ, ஒன்னுத்துக்கும் ஆவல" என்று உதட்டைப் பிதுக்கினாய். நான் ஐந்தோடு ஐந்து-ஒன்றை வைத்தேன். "ஒன்னும் நாலும் அஞ்சு. எனக்கு நூறு" என்றேன்.

நீ சிரித்தாய். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தாய். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "இப்பதான்டி நெஜமா ஆடுற. ஒரு குருடின்னு கொஞ்சமாச்சும் எரக்கம் இருக்கா பாரு உனக்கு" என்றாய். வியாழக்கிழமை போன் வந்தது.

வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ஜெயித்தவள் நீ. அந்த நூறு உன்னுடையது. திருப்பிக் கொடுக்கத்தான் நீ இல்லை.