காத்திருப்புக் கூடத்துப் பயணிகளை மறுபடி எண்ணக் கோரி

அனுப்புநர்
கடைசி ஸ்டாப் அக்கா (எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்),
சுவரோரப் பெஞ்சு, பெண்கள் காத்திருப்புக் கூடம்,
பேருந்து நிலையம்.

பெறுநர்
துணை இயக்குநர் அவர்கள்,
வீடற்றோர் கணக்கெடுப்புப் பிரிவு.

பொருள்: எங்கள் நிலையத்தில் வீடில்லாத பெண் ஒருவரும் இல்லை என்ற கணக்கை மறுபடி எடுக்கவும், அதுவரை பெண்கள் தங்கும் அறையைக் கிடங்காக்காமல் நிறுத்தி வைக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பேருந்துகளின் உள்ளே கூட்டித் துடைக்கும் வேலை செய்பவள். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டுறவு விட்டுப்போயிற்று. இந்த மனுவில் எழுத்துப் பிழைகளைத் திருத்தியவர் விசாரணைக் கவுண்டர் அம்மா. கிண்டல் ஏதும் தென்பட்டால் அது என்னுடையது. அதையும் திருத்தப் பார்த்தார், முடியவில்லை.

1. நிலையத்தின் பின்புறம் பெண்கள் இரவு தங்க ஓர் அறை கட்டி, வெள்ளையடித்து, குழாய் வைத்து, பூட்டி வைத்திருக்கிறீர்கள். கணக்கு வந்ததும் திறப்போம் என்றார்கள். கணக்கும் வந்தது. போன வாரம் அந்தக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். இங்கே வீடற்ற பெண்கள் எவரும் இல்லாததால் மாத முடிவில் அறை பொருள் கிடங்காக மாற்றப்படும் என்று அதில் இருந்தது. நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். சுற்றி நின்று கேட்டவர்கள் எல்லோருமே அந்த ‘எவரும் இல்லாத’ பெண்கள்தான். இத்தனை பேரைக் கூட்டினால் ஒன்றுமில்லை என்று விடை வருவது எப்படி என்று அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. கோபமில்லை ஐயா, தெரிந்துகொள்ள ஆசை. அவசரமும் உண்டு. எங்களில் துணி தைப்பவள் ஒருத்தி, ஊசி என்று கூப்பிடுவோம், நிறைமாதமாக இருக்கிறாள். அந்த அறையை நம்பித்தான் இருக்கிறாள்.

2. விசாரித்துப் பார்த்ததில், குழப்பத்தில் பாதி எங்கள் வழக்கத்தால் வந்தது என்று புரிந்தது. கூடத்தில் சீட்டு வைத்திருக்கும் பயணிகள்தான் உட்காரலாம் என்பது விதி. ஆகவே இங்கே தங்கும் ஒவ்வொருத்தியிடமும் ஒரு பையும், கசங்காத பழைய சீட்டு ஒன்றும், ‘போகிற ஊர்’ ஒன்றும் உண்டு. புதிதாக வருகிறவளுக்கு வரன் பார்ப்பது போல முதலில் ஊர் பார்த்துக் கொடுப்போம். கடைசிப் பேருந்து சீக்கிரமே போய்விடுகிற ஊராக இருக்க வேண்டும். அப்போதுதான் விடியும்வரை உட்கார நியாயம் கிடைக்கும். பாத்திரம் கழுவும் அக்கா தன் மகளின் பிரசவத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். அந்தப் பிரசவம் மூன்று வருஷமாக நடக்கிறது. ஊசி தன் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். எனக்கு ஊர்ப் பெயர் எதுவும் வாயில் நிற்பதில்லை. கடைசி ஸ்டாப் என்று சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது.

3. உங்கள் கணக்கெடுக்கும் பெண் கழுத்தில் அட்டையோடு, விளக்கு போட்ட நேரத்தில் வந்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். கேட்டதுதான் தாமதம், மளமளவென்று ஊர்களை ஒப்பித்துவிட்டோம். பயணி, பயணி என்று குறித்துக்கொண்டு போய்விட்டாள். பிறகொரு நாள் அவளே தன் வீட்டுக்குப் போகப் பேருந்துக்கு வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தாள். பேச்சுக் கொடுத்தேன். ஊர் சொன்னால் பயணி, அதற்கு மேல் கேட்கக் கூடாது. தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. போர்வைக்குள் யார் என்று தெரியாவிட்டால் ஆண் என்று எழுத வேண்டும். இப்படிச் சொல்லி அனுப்பினார்களாம். நடைமேடையில் படுக்கும் பெண்கள் தலைமுதல் கால்வரை மூடிக்கொள்வதே, ஆம்பிளை என்று நினைத்து யாரும் கிட்டே வராமல் இருக்கட்டும் என்றுதான். யாரையோ ஏமாற்றப் போர்த்திய போர்வை அரசாங்கத்தையும் ஏமாற்றிவிட்டது.

எங்களைப் பார்த்து உனக்குச் சந்தேகமே வரவில்லையா என்று அவளைக் கேட்டேன். “வந்துச்சுக்கா. சந்தேகத்தைக் குறிக்கக் கட்டம் இல்லையே” என்றாள். நல்ல பெண். அவளை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.

4. போன வருஷம் இதே நிலையத்தில் தெருநாய்களை எண்ண வந்தார்கள். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை. கூடவே இறைச்சிக் கடைக்காரரை அழைத்து வந்தார்கள், நாய்களுக்கு அவரிடம் பயமில்லை என்பதால். எண்ணி முடித்த நாய்க்கு முதுகில் சாயம் வைத்தார்கள். எங்களுக்குச் சாயம் வேண்டாம். ஆனால் கூட வர ஒரு தெரிந்த முகம் இருந்தால் நன்றாக இருக்கும். டீக்கடைக்காரர் வருகிறேன் என்கிறார்.

5. சும்மா குறை சொல்லக் கூடாதென்று நானும் டீக்கடைக்காரரும் தனித்தனியே எண்ணிப் பார்த்தோம். இருவர் கணக்கும் ஒத்துப்போகவில்லை. சாப்பாட்டுக் கடை அடுப்படியிலேயே படுக்கும் சமையல்காரம்மாவை அவர் சேர்த்திருந்தார், நான் விட்டிருந்தேன். பாதி வாரம் தங்கை வீட்டிலும் தங்கை புருஷன் ஊரில் இருக்கும் நாளில் இங்கேயும் படுப்பவளை நான் சேர்த்திருந்தேன், அவர் விட்டிருந்தார். அரை நாள் சண்டை போட்டும் தீரவில்லை. உங்கள் வேலை லேசானதல்ல என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இவர்களை நீங்கள் எங்கே எழுதுவீர்கள் என்று சொன்னால் எங்கள் சண்டை தீரும். எனக்குப் பட்டது இவ்வளவுதான்: எங்கே போகிறாய் என்பதை விட்டு, நேற்று எங்கே படுத்தாய், நாளைக்கும் அங்கே படுக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

6. ஆனால் கேள்வியை மாற்றினால் மட்டும் பதில் மாறிவிடாது. நாங்கள் யார் என்று கூடத்துக் காவலர் அண்ணனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் தெரியாதவர் போலச் சீட்டைப் பார்த்துத் தலையாட்டுவார். அவரிடம் இந்த மனுவைப் பற்றிச் சொன்னேன். “எல்லாம் பயணிங்கன்னு தினமும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கறேன். நீங்க மாத்திச் சொன்னா என் வேலைக்கு வேட்டுதான்க்கா” என்றார். அவர் வேலை போனால் அடுத்து வருகிறவர் தலையாட்டுவாரா? இதற்குப் பயந்தே பாதிப் பேர் வாய் திறக்க மாட்டார்கள்.

7. ஊசியின் கதையும் அதுதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாய் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்டிருக்கிறார். இவள் பழக்கதோஷத்தில் அண்ணன் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டாள். நர்ஸ் நிம்மதியாக எழுதிக்கொண்டார். அண்ணன் என்று அவளுக்கு யாருமில்லை. ஏன்டி அங்கேயுமா என்று திட்டினேன். உங்கள் ஆட்கள் மறுபடி வந்தால் என்ன சொல்வாய் என்றும் கேட்டேன். “எதுக்குக் கேக்கறாங்கன்னு அவங்க முதல்ல சொல்லட்டும்க்கா. அப்புறம் நான் சொல்றேன்” என்றாள்.

ஆகவே ஐயா அவர்கள், உண்மையைச் சொல்லும் பெண்ணைக் கூடத்திலிருந்து வெளியேற்ற மாட்டோம், இத்தனை நாள் இடம் கொடுத்த காவலரையும் தண்டிக்க மாட்டோம் என்று எழுதி, அறிவிப்பு ஒட்டிய அதே கதவில் ஒட்டச் செய்யுமாறும், கிடங்குச் சாமான்கள் வந்து இறங்கும் முன்பே ஆள் அனுப்பி மறுபடி எண்ணச் செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முதலில் ஊசியைக் கேளுங்கள். நீங்கள் வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டால், அதையும் ஒரு தலையாகச் சேர்த்து எழுதுங்கள். அதற்கு இன்னும் ஊர்ப் பெயர் சொல்லித் தரவில்லை.

இடம்: பேருந்து நிலையம்
நாள்: 12, வியாழக்கிழமை

இப்படிக்கு, பதிலை எதிர்பார்த்து இதே பெஞ்சில் இருக்கும்,
(ஒப்பம்) கடைசி ஸ்டாப் அக்கா

பதில் அனுப்ப: விசாரணைக் கவுண்டரில் கொடுத்தால் போதும். நான் எங்கும் போகவில்லை.