பாதியில் நின்ற குலப்புகழ்

அன்புத் தங்கைக்கு,

அப்பாவை அடக்கம் செய்து நான்கு நாளாகிறது. அன்று சித்தப்பா மகன் போலாஹன், வெளிநாட்டுச் சொந்தங்களுக்குக் காட்டக் கைபேசியைத் தூக்கியபோது, "சாவு வீடென்ன சினிமாக் கொட்டகையாடா?" என்று திட்டினேன்.

அசாபி பெரியம்மா சவப்பெட்டியருகே நின்று நம் குலப்புகழைப் பாடினார். ஏழாவது தலைமுறையில் நினைவு நின்றுவிட்டது. "யாராவது எடுத்துக் குடுங்கடி! பாதிப் புகழோட மனுஷனை மண்ணுக்குள்ள அனுப்புறதா?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாய்மொழி இலக்கியம் நடத்தும் பேராசிரியை அல்லவா! எனக்கு நான்கு வரிக்கு மேல் வராது.

அப்போது போலாஹன் அணைக்காமல் வைத்திருந்த கைபேசியிலிருந்து உன் குரல் எழுந்தது.

"யானைக் காலடியில் தேங்கிய மழைநீர் குடித்து ஊர் கட்டியவன் பேரனே..."

கடைசித் தலைமுறைவரை ஒரு வரிகூடத் தடுக்கவில்லை. பெரியம்மா முழந்தாளிட்டுவிட்டார். "நீ இருக்குற வின்னிபெக் பனியில இது எப்படிடி முளைச்சுது?" என்று கேட்டார்.

லண்டன், பஹியா, லேகோஸ் என்று சிதறிய நம் குலத்தார் ஆளுக்கு இரண்டு வரியாகக் கைபேசிக் குழுவில் சேர்த்தார்களாம். நீதான் கோத்தாயாம். அப்படிக் கோப்பதெல்லாம் பாட்டாகாது என்று வகுப்பில் வருடாவருடம் சொல்லி வந்தவள் நான்.

பிறகுதான் பெட்டியைத் தூக்கினார்கள்.

"பாடத் தெரிஞ்சவ ஏன் வரலை?" என்றார் பெரியம்மா. விசா கிடைக்கவில்லை என்று சமாளித்தேன். அப்பா போனதை உனக்கு யார் சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நான் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

கடைசி வாரம் முழுக்க அப்பா உன்னைத்தான் கேட்டார். அதையும் நான் உனக்குச் சொல்லவில்லை.

நாற்பதாம் நாளுக்கு வா. என் முகத்தைப் பார்த்து, கேட்க வேண்டியதையெல்லாம் கேள்.

உன் அக்கா