யாரோடும் போகிற பிள்ளை

அக்மலின் அப்பாவுக்கு,

கப்பலில் நலமா? காப்பகத்திலிருந்து நான் கூட்டிவந்த, நீங்கள் இன்னும் நேரில் பார்க்காத நம் பிள்ளை அக்மலை, நேற்று மக்கசார் சந்தையில் மீன்காரம்மா விளையாட்டாக, "எங்கூட வந்துடறியாடா?" என்று கூப்பிட்டாள். என் விரலை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அழவே இல்ல பாரு, தங்கமான புள்ள" என்றாள். நான் ஓடிப்போய் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். காப்பகத்திலிருந்து என்னோடும் அப்படித்தானே வந்தான்.

இடுப்பிலேயே சுமந்து கெடுக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இறக்கிவிடப் பயமாக இருக்கிறது.

நீங்கள் வந்து இறங்கும் நாளை நினைத்தாலும் பயம்தான். கை நீட்டியதும் உங்களிடம் ஓடிவருவான். பூரித்துப்போகாதீர்கள்; யார் கை நீட்டினாலும் அப்படித்தான் ஓடுவான். உங்களைக் கண்டு மிரண்டு, அழுதுகொண்டே என் பின்னால் ஒளிந்தானென்றால், அன்றைக்குத் தெருவையே கூப்பிட்டுச் சோறு போடுங்கள்.

இப்படிக்கு,
அவனுக்கு இன்னும் அம்மா ஆகிவிடாத
உங்கள் மனைவி