ஆற்றங்கரையில் கேட்ட குரல்

யூட்டிகா
14 ஜனவரி 2009

அன்புத் தங்கை மூ வாவுக்கு,

நானும் மகளும் சுகமாக அமெரிக்கா வந்து சேர்ந்தோம். அகதிகளைக் குடியமர்த்தும் அலுவலகத்து கேரல் அம்மா வீடு பிடித்து, கம்பளி, அரிசி, மீன் விழுதுகூட வாங்கி வைத்திருந்தார். விழுதைத் திறந்ததும் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டதைப் பார்த்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனாலும் கதவுக்கு முட்டாக நாற்காலி வைத்துத்தான் படுக்கிறேன். நாளை நம் கரேன் மொழி பேசுகிற ஒருவர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவாராம். நீங்களும் இங்கே வருவதற்கான நேர்காணல் எப்போது?

உன் அக்கா
ஸெர் கே

யூட்டிகா
29 ஜனவரி

மூ வா,

இதை வேறு யாருக்கும் படித்துக் காட்டாதே. அந்த மொழிபெயர்ப்பாளன் அவன்தான். பர்மா ராணுவத்தோடு நம் ஊருக்கு வந்து, ஆற்றங்கரையில் நின்று வீடு வீடாகக் கை காட்டியவன். தம்பியைச் சுமை தூக்க இழுத்துப் போனபோது அம்மாவிடம், “பயப்படாதீங்க, நாளைக்கே வந்துடுவான்” என்றானே, அதே குரல். பாதி இல்லாத அதே இடது காது. இங்கே பெயர் ஸோ லின்.

“ஏன் அக்கா என்னையே பாக்குறீங்க? முன்னாடி எங்கயாவது பாத்திருக்கமா?” என்று கேட்டான். இல்லை என்றேன். அவனுக்கு என் வீடு தெரியும். மகளின் பள்ளிக்கூடம் தெரியும். டாக்டரிடம் நான் சொல்வதெல்லாம் அவன் வாய் வழியாகத்தான் போகிறது.

ஸெர் கே

மே லா முகாம்
தாய்லாந்து
20 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், வாயைத் திறக்காதே. மார்ச்சில் எங்கள் நேர்காணல். நீ ஒன்று சொல்லி, அவன் ஒன்று சொல்லி, விசாரணை என்று ஆரம்பித்தால் எங்கள் கோப்பும் நின்றுபோகும். அவனுடைய ஆட்கள் இங்கேயும் இருக்கலாம். போன தம்பி திரும்பப்போவதில்லை. என் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உன் தங்கை
மூ வா

யூட்டிகா
18 மார்ச்

அன்பு மூ வா,

உனக்காகப் பொறுத்துத்தான் இருந்தேன். நேற்று கீழ் வீட்டுக்குப் புதிதாக ஒரு விதவை வந்தாள், நம் ஆற்றுக்கு அக்கரை ஊர்க்காரி. அவன்தான் காரில் கூட்டி வந்தான். அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றாள். உடம்பெல்லாம் நடுக்கம். அவன் சிரித்துக்கொண்டே கேரல் அம்மாவிடம் பனியைக் காட்டி ஏதோ சொன்னான்.

எனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில், “பனி இல்ல. இந்த ஆள்” என்றேன்.

மொழிபெயர்க்க, போனில் வேறொரு கரேன் பெண்ணைப் பிடித்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த விதவையும் சொன்னாள். அவனை வேலையிலிருந்து நிறுத்தி விசாரிக்கிறார்கள். ஆனால் ஊரில்தான் இருக்கிறான். இன்று கடையில் என் பின்னால் வரிசையில் நின்றான். “உங்க தங்கச்சி இன்னும் முகாம்லதானே இருக்காங்க?” என்றான். அவ்வளவுதான், போய்விட்டான்.

கேரல் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீயும் முகாம் அலுவலகத்தில் சொல். தனியாக எங்கும் போகாதே. என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

உன் அக்கா

மே லா முகாம்
30 ஏப்ரல்

ஸெர் கே,

நேர்காணலைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை.

சந்தையில் தெரியாத ஒருவன் வந்து, “ஸெர் கே உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டான். பிள்ளைகள் பக்கத்தில் நின்றார்கள். எனக்கு அக்கா யாருமே கிடையாது என்றேன். அவன் நம்பினானா, தெரியவில்லை.

நீ செய்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. இனிமேல் எனக்கு எழுதாதே.

மூ வா