பின்வீட்டுக் கூடைப்பந்துக்காரன்

ஜூலை 14, திங்கள்

குளிர். மழை விட்டு விட்டு. உடுப்பு ஒன்றும் காயவில்லை. டெரன்சின் (சுருக்கமாக டெ.) காற்சட்டை இரண்டே கொடியில் பாதியைப் பிடித்துவிட்டன.

செய்ய வேண்டியவை:
– பென்டில் ஹில் கடையில் சிவப்பரிசி மா
– பல் கிளினிக்கில் வெள்ளி லீவு கேட்க (ரிசப்ஷனுக்கு வேறு ஆள் இல்லையாம், பார்ப்போம்)
– பின்வீட்டு பல்பு. வேண்டாம், டெ. ஏணியில்லாமலே மாற்றிவிட்டான்.

பின்னேரம் மெல்பேர்னிலிருந்து அக்கா போன். சுகம் விசாரித்தாள், முழங்கால் வலி சொன்னாள், பிறகு மெதுவாக:

“றீற்றா, கோவிக்காத. உன்ர பெடியனை எங்கட கிளப் கேக்கப் போகுது. அத்தான் கமிட்டியில எல்லோ.”

என்ர பெடியன் என்றால் டெ. டெக்சாசிலிருந்து சிட்னிக்கு, எங்கள் கூடைப்பந்துக் கிளப்புக்கு ஆட வந்தவன். சின்னக் கிளப், பெரிய சம்பளம் கொடுக்க ஏலாது, அதனால் தங்க இடம் கொடுக்கிறது. அந்த இடம் எங்கள் வளவின் பின்வீடு. சீசன் முடிய அவனுடைய ஒப்பந்தமும் முடிகிறது. பிறகு யாரும் கேட்கலாம், அவன் யாரிடமும் போகலாம். ஃப்ரீ ஏஜென்ட் என்று பெயராம்.

அவன் எத்தனை பந்து போட்டான், எத்தனை இடியப்பம் சாப்பிட்டான் என்று கிழமைக்குக் கிழமை அக்காவிடம் அளந்தது யார்? நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

போகக் கூடாது. அவன் வந்த பிறகுதான் இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம்.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். உடுப்பு காய்ந்தது.

என் மனுசன் ஜெறாட் (இனி ஜெ., முழுப்பெயர் எழுதக் கை வலிக்கிறது) பரமட்டாவில் வரிக் கணக்குச் செய்து கொடுக்கிறவர். ஜூலை வரிக் காலம், அவரைப் பிடிக்க முடியாது. சாப்பாட்டு மேசை முழுக்க ஆட்களின் ரசீது. கோப்பை வைக்க இடமில்லை.

டெ. தனக்கு வந்திருக்கும் மூன்று அழைப்பையும் ஜெ.யிடமே காட்டினானாம். ஜெ. கரண்டியால் மேசையில் தட்டித் தட்டி எனக்கு விளக்கினார்.

1. வளைகுடாவில் ஒரு கிளப். சம்பளம் கூட. அங்கே வருமான வரியே இல்லை.
2. மெல்பேர்ன் (அக்காவின் ஆட்கள்). எங்களை விடக் கூட.
3. நாங்கள். பின்வீடும் புட்டும்.

“மெல்பேர்னுக்குப் பயப்பிடாத. சிட்னியோ மெல்பேர்னோ வருமான வரி ஒண்டுதான். கூடத் தாறதில வரி போக மிஞ்சுறது பெரிசில்லை. அமெரிக்காவிலதான் மாநிலத்துக்கு மாநிலம் வேற. டெக்சாசில மாநில வருமான வரி இல்லை. அதே சம்பளத்துக்கு கலிபோர்னியாவில ஆடினா ஒரு துண்டு வெட்டுப்படும்.”

“அப்ப எல்லாரும் டெக்சாசுக்கே போகலாமே?”

“போறாங்கள் இல்லையே. ஒருத்தனுக்குக் கடற்கரை வேணும், ஒருத்தனுக்குக் கப் வேணும், ஒருத்தனுக்கு மனுசி சொல்லுற ஊர்.”

அங்கே குழுவுக்கும் ஒரு வரி இருக்கிறதாம். சம்பளக் கணக்கு எல்லை தாண்டினால் முதலாளி அபராதம் போல் கட்ட வேண்டும். அதைக் குறைக்கவே நல்ல ஆட்டக்காரனைத் தூக்கி வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்களாம். அநேகமாக அவனைக் கேட்பதும் இல்லையாம். காலையில் ஒரு ஊர், இரவு வேறு ஊர். என்ன அநியாயம்.

வளைகுடாதான் பயம். “வரி இல்லாட்டியும் அமெரிக்கன் எங்க இருந்தாலும் தன்ர நாட்டுக்குக் கணக்குக் காட்ட வேணும்” என்றார் ஜெ. அதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

ஜூலை 17, வியாழன்

லீவு கிடைக்கவில்லை. நோயாளிகள் குறைவு. ரிசப்ஷனில் இருந்தபடி கூடைப்பந்து படித்தேன். இத்தனை மாதமாக அவன் எங்கள் வீட்டில், எனக்கோ பந்து வளையத்துக்குள் போனால் நல்லது என்பது மட்டும் தெரியும். அக்கா வீட்டில் அத்தான் எல்லாம் தெரிந்தவர். அங்கே பேச ஆள் இருக்கிறது என்று இவன் போய்விட்டால்?

படித்தது: மூன்று புள்ளி, ஃப்ரீ த்ரோ (யாரும் மறிக்காமல் நின்று எறிவது), ரீபவுண்ட். பிக் அண்ட் ரோல் இன்னும் பிடிபடவில்லை.

இரவுச் சாப்பாட்டில் எடுத்து விட்டேன். போன ஆட்டத்தில் ஃப்ரீ த்ரோ ஏன் தவறியது, முழங்கையை உள்ளே வைக்க வேண்டுமாமே என்று கேட்டேன். டெ. என்னைப் பார்த்தான். சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தான். “போதும்” என்றான். பாதிப் புட்டு மிச்சம்.

அவனுக்குத் தெரிந்த தமிழ் மூன்று: போதும், கறி, கை கழுவு. மூன்றும் என்னிடம் படித்தது.

கத்தரிக்காயில் உப்புக் கூடிவிட்டதோ? ஜெ.க்கு ஒன்றும் தெரியவில்லையாம். அவர் ஜூலையில் எதைப் போட்டாலும் சாப்பிடுவார்.

ஜூலை 19, சனி

காற்று. கொடியே சாய்ந்துவிட்டது.

இந்தக் கிழமை ஆட்டம் இல்லை. டெ. நேற்றே மெல்பேர்ன் போய்விட்டான், இடம் பார்க்க. தங்குவது ரோவில்லில், அக்கா வீட்டில்.

அக்கா அனுப்பிய படங்கள்: நண்டுக் கறி. புதுக் கட்டில், விசேஷமாகச் செய்வித்த நீளம். அத்தான் அவன் தோளில் கை போட முயற்சி, கை எட்டவில்லை.

நண்டாம். நான் போனால் பருப்பும் பாணும் தருகிறவள்.

பின்வீட்டைக் கூட்டினேன். அவனுடைய சப்பாத்து ஒரு சோடி வாசலில். பார்க்கக் கவலையாக இருந்தது. ஜெ.யிடம் சொன்னேன். “அவன் ஆட்டக்காரன். இண்டைக்கு இஞ்ச, நாளைக்கு அங்க” என்றார். சொல்லிவிட்டு அவரும் ரசீதை விட்டு எழும்பி யன்னலால் பின்வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூலை 21, திங்கள்

வந்துவிட்டான்! குசினிக்குள் குனிந்து வந்து கதிரையில் இருந்தான். கதிரை ஒரு சத்தம் போட்டது. மெல்பேர்னைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. தேங்காய் துருவினேன், தேவைக்கு மேலேயே துருவினேன். அவனே தொடங்கினான் (இங்கிலீஷில்தான்).

வளைகுடா வேண்டாமாம். முன்பு அந்தப் பக்கம் ஒரு சீசன் ஆடியிருக்கிறான். “காசு நல்லது அன்ரி. ஆனால் ஹோட்டல் அறையில் தனியாகச் சாப்பாடு, தினமும்.”

“மெல்பேர்ன்?”

“கட்டில் நல்லது. நண்டும் நல்லது.”

எனக்குக் கை நின்றுவிட்டது.

“ஆனால் அங்கிள்…” என்று சிரிக்கத் தொடங்கினான். அத்தான் மூன்று இரவும் சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலையும் ஊறுகாய்ப் போத்தலையும் நகர்த்தி நகர்த்தி, அவன் எந்த ஆட்டத்தில் எங்கே பிழை விட்டான் என்று காட்டினாராம். பழைய ஆட்டங்களை எல்லாம் போனில் பார்த்து வைத்திருந்தாராம்.

“இங்கே நான் தோற்றுவிட்டு வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. கை கழுவு என்பீர்கள். அது போதும் எனக்கு. கிளப்புக்குச் சொல்லிவிட்டேன், அடுத்த சீசனும் இங்கேதான்.”

பிறகு விரலைத் தூக்கினான். “ஒரு நிபந்தனை, அன்ரி. இனிமேல் கூடைப்பந்து படிக்கக் கூடாது.”

ஆக, கத்தரிக்காயில் உப்புச் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

ஜெ.க்குப் போன் செய்தேன். “அவன்ர தெரிவில வரிக்கு வேலையே இல்லை” என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக. அக்காவுக்கு நாளைக்குச் சொல்லலாம். இன்றைக்குச் சொன்னால் குரலில் சந்தோசம் தெரிந்துவிடும்.

ஜூலை 26, சனி

இளவெயில். புட்டு, மீன் குழம்பு, சம்பல்.

சத்தியமாகப் படிக்கவில்லை. ஆனால் பின்னேர ஆட்டம் போனில் ஓடியது, பார்த்தேன். படித்ததை மறக்க முடியவில்லை, அதுதான் தொல்லை. கடைசி நேரம், ஒரு புள்ளி பின்னால். டெ.க்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் தவறின. முழங்கை வெளியே. எனக்கே தெரிந்தது.

பின்கதவு திறந்தது. பையை மெதுவாக வைத்தான். நிமிரவில்லை.

முழங்கை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

“கை கழுவு” என்றேன்.

கழுவிவிட்டு வந்து இருந்தான். மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தான்.

“கறி?” என்றான்.