உள்ளங்கையில் ஒரு சொட்டு

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூரு
18 ஜூன் 2025

அன்புள்ள டோரீன்,

சேசுவுக்கே புகழ். நீ ஜெர்மனிக்குப் போய்ப் பதினாறு நாள் ஆகிறது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் காகிதத்தில் எழுதி, படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். கல்யாணத்துக்கு முன் எழுதியதற்கு அப்புறம் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

பேரன் எப்படி இருக்கிறான்? டீனாவுக்குப் பத்தியம் ஒழுங்காக நடக்கிறதா? இங்கே ஒரு குறையும் இல்லை. நேற்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஜோசஃபின் "என்ன அங்கிள், வீடு பத்திக்கிச்சா?" என்று ஓடிவந்தாள். பால் கருகிப் பாத்திரம் ஓட்டையாகும் நிலை. செய்தி அவ்வளவு சுவாரசியம்.

அங்கே என்ன சாப்பிடுகிறாய்? வெள்ளைக்காரன் சாப்பாடு உப்புச்சப்பில்லாமல் இருக்குமே.

உன்
டொமினிக்


கொலோன், ஜெர்மனி
29 ஜூன் 2025

அன்புள்ள டீனா டாடிக்கு,

தோத்திரம். நானும் டீனாவும் சுகம். பேரன் உங்களை மாதிரியே காரணமில்லாமல் முகம் சுளிக்கிறான்.

உப்புச்சப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இவர்கள் சாப்பாடு அப்படியொன்றும் மோசமில்லை. நம் சீரகத்துக்கு அக்கா மகள் மாதிரி ஒன்று இருக்கிறது, பார்க்க அதேதான். ஆனால் அதை முட்டைக்கோஸிலும் ரொட்டியிலும் போடுகிறார்கள். மிளகாய்ப்பொடி ரத்தச் சிவப்பாக இருக்கும், நாக்கில் வைத்தால் ஒரு பொட்டுக் காரம் கிடையாது. சும்மா மிரட்டும், அவ்வளவுதான். பட்டையும் கிராம்பும் ஏலக்காயும் நம் பக்கத்திலிருந்து இங்கே வந்து கிறிஸ்துமஸ் கேக்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. கறியில் போடலாமே என்றால் மாப்பிள்ளை வீட்டார் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பிரிஞ்சி இலைகூட வேறு ஜாதி. நம்முடையதில் மூன்று நரம்பு, இங்கே ஒன்றுதான்.

தைம் என்று ஒரு இலை. காயவைத்தது. கசக்கி முகர்ந்தால் அப்படியே நம் ஓமம். முகர்ந்ததும் உங்கள் நினைவு வந்தது. நம் வைட்ஃபீல்ட் ராதாவின் மகன் கிஷோர் ஆபீஸ் வேலையாக இங்கே வந்திருந்தான், அவனிடம் ஒரு பை கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஆட்டுக்கறியில் போட்டுப் பாருங்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். முப்பத்தெட்டு வருஷமாக எதைச் சமைத்தாலும் உங்கள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, "சரியா இருக்கு" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் இறக்குவேன். இந்த வருஷம் மார்ச்சிலிருந்து ஒருநாள்கூட நீங்கள் அதைச் சொல்லவில்லை. ஈஸ்டர் அன்று பதினோரு பேர் முன்னால் தட்டைத் தள்ளிவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்ல, வைக்கோல் தின்ற மாதிரி இருக்கு. கை போயிடுச்சு உனக்கு" என்றீர்கள். மற்றவர்கள் நல்லா இருக்கு என்றார்கள். மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உப்பு விஷயத்தில் உங்கள் நாக்கை மீறி நான் யாரை நம்புவது?

நம் மகன் டிரேவர் என்னை இங்கிருந்து நேரே துபாய்க்கு வரச் சொல்கிறான். அவனோடேயே இருந்துவிடலாமாம். டிக்கெட்டை எங்கே போடுவது என்று ஆகஸ்ட் பதினைந்துக்குள் சொல்ல வேண்டும். எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது.

டோரீன்


ரிச்சர்ட்ஸ் டவுன்
20 ஜூலை 2025

அன்புள்ள டோரீன்,

கிஷோர் பையைக் கொண்டுவந்து கொடுத்தான். இலை என்று எழுதியிருந்தாய், வந்தது ஊதா நிறத்தில் பொடிப்பொடி மொட்டு. ஜெர்மன்காரன் இலை அப்படித்தான் போலிருக்கிறது.

இன்று பூசை முடிந்து வரும்போது ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கினேன். இரண்டு கைப்பிடி போட்டு வைத்தேன். நீ சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அதே ஓம வாசனை. ஜோசஃபினையும் சாப்பிடக் கூப்பிட்டேன். ஒரு வாய் வைத்தாள், வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டாள். பாவம், அவளுக்கு வெளிநாட்டுச் சாப்பாடு பழக்கமில்லை.

செப்டம்பரில் வரும் மாதா திருவிழாச் சாப்பாட்டுக்கு இந்த முறை நான் உப்புப் பார்க்க வரவில்லை என்று ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். முட்டி வலி, அவ்வளவு நேரம் நிற்க முடியாது. பிரியாணி மாஸ்டர் கணேசமூர்த்தி வீட்டுக்கே வந்து, "நீங்க கரண்டிய தொடாம நான் தம்மை உடைக்க மாட்டேன் சார்" என்று மல்லுக்கு நின்றான்.

துபாய் விஷயம் உன் இஷ்டம். அங்கே வெயில் அதிகம்.

டொமினிக்


கொலோன்
27 ஜூலை 2025

டீனா டாடி,

இன்று காலை தைம் தேடி டப்பாவைத் திறந்தேன். பை அங்கேயே இருந்தது. டீனா எல்லாவற்றையும் ஒரே மாதிரி வெள்ளைத் துணிப்பையில் போட்டு வைக்கிறவள். உங்களுக்கு நான் அனுப்பியது அவளுடைய துணி அலமாரியில் பூச்சி வராமல் இருக்க வைத்திருந்த லாவெண்டர். ஆட்டுக்கறியில் இரண்டு கைப்பிடி சோப்பு வாசனை! ஜோசஃபினுக்குப் போன் போட்டேன். "ஆண்ட்டி, டால்கம் பவுடரை முழுங்குன மாதிரி இருந்துச்சு. அங்கிள் ரசிச்சுச் சாப்பிட்டாரு, நான் என்னத்த சொல்ல?" என்றாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

போனை வைத்த பிறகும் எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

அந்த வாசனை தெருமுனை வரை அடித்திருக்கும். பால் கருகியது பக்கத்து வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது, முன்னறையில் இருந்த உங்களுக்குத் தெரியவில்லை. முட்டி வலியாம்! பூசைக்கும் கறிக்கடைக்கும் எந்த முட்டியோடு நடந்து போனீர்கள்? மூக்கும் நாக்கும் போய் எத்தனை நாள் ஆகிறது?

என் கை போய்விட்டது என்று நான் நம்பினேன். இங்கே வந்து ரசம் வைக்கவே பயந்தேன். பெற்ற மகள் வீட்டில் உப்பை ஸ்பூனால் அளந்து போட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள்மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? மறைக்காமல் எழுதுங்கள்.

டோரீன்


ரிச்சர்ட்ஸ் டவுன்
3 ஆகஸ்ட் 2025

என் டோரீன்,

பிப்ரவரியில் வந்த காய்ச்சலோடு போனது. முதலில் எனக்கே தெரியவில்லை. நாளுக்கு நாள் உன் சமையல்தான் மங்குகிறது என்று நினைத்தேன். ஈஸ்டர் அன்று சத்தியமாக உன் கைதான் போய்விட்டது என்று நம்பித்தான் அப்படிப் பேசினேன். மே மாதம் காபியிலும் ஒன்றும் இல்லாமல் போனபோது சந்தேகம் வந்தது. நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். உப்புப் பார்க்கிற டொமினிக் என்று கோவிலில் பேர் வாங்கினவன், எனக்கு நாக்கில்லை என்று எப்படிச் சொல்வேன்? வெட்கமாக இருந்தது. நீ போன மறுநாள் உன் தலையணையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அதிலும் ஒன்றுமில்லை. அப்போதுதான் பயந்தேன், டோரீன்.

டாக்டரைப் பார்த்தேன். திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்கிறார். தைம் பற்றி நீ ஆசையாக எழுதியிருந்தாய், அதனால்தான் ஓமம் என்று புளுகினேன்.

ஈஸ்டருக்கு வந்த பதினோரு பேரையும் இந்த வாரம் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன். "அன்னிக்கு சாப்பாட்டுல ஒரு குறையும் இல்ல. என் நாக்குதான் செத்துப்போச்சு" என்று சொன்னேன். கடைசியாக ஃபாதரிடமும் சொன்னேன். "பாவசங்கீர்த்தனத்துல சொல்ல வேண்டியதை ஹால்ல வச்சு சொல்றீங்களே" என்றார்.

உன் கை நல்ல கை. அதைச் சொல்ல எனக்கு வாசனை வேண்டாம், முப்பத்தெட்டு வருஷம் சாப்பிட்டது போதும். என்னை மன்னித்துவிடு. நீ துபாய்க்குப் போனாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீ இங்கே வந்தால் நன்றாக இருக்கும்.

டொமினிக்


கொலோன்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள டீனா டாடிக்கு,

நேற்று அளக்காமல் ரசம் வைத்தேன். மாப்பிள்ளை மூன்று கப் குடித்தார்.

டிரேவரிடம் பேசிவிட்டேன். டிக்கெட் பெங்களூருக்குத்தான். ஆகஸ்ட் 31 காலை வந்து இறங்குவேன். கணேசமூர்த்தியிடம் சொல்லிவையுங்கள், திருவிழாவுக்கு நீங்கள் வழக்கம்போல அவன் பக்கத்தில் நில்லுங்கள். உப்பை நான் பார்க்கிறேன்.

மீதி லாவெண்டரைக் கறியில் போட்டுத் தொலைக்காமல் பீரோவில் என் புடவைகளுக்கு நடுவே வையுங்கள். இனி அடுப்பில் எதையும் வைத்துவிட்டு அந்தப் பக்கம் நகரக்கூடாது.

வந்த அன்றைக்கே கறி வைப்பேன். எப்போதும்போல உங்கள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவேன். சூடு மட்டும்தான் தெரியும் உங்களுக்கு. இருந்தாலும் நக்கிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு"ன்னு சொல்லணும். நீங்கள் சொல்லாமல் நான் இறக்க மாட்டேன்.

உங்கள்
டோரீன்